எந்தப் பனோர்மோஸ்?

சிதெரிஸைப் பற்றி யாராவது கேட்டால் எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுவேன்: அவன் ஒரு பயந்தாங்கொள்ளி. குடிகாரன் இல்லை, பெண் பித்து இல்லை, யார் குடியையும் கெடுத்தவன் இல்லை. கடலில் என்றால் புலி. காற்று எட்டில், அதாவது புயல் வேகத்தில், அடிக்கும்போது தன் மரப்படகைத் தனி ஆளாகத் துறைக்குள் கொண்டுவந்து கட்டுவான். ஆனால் தனக்கு வேண்டியவர்கள் முன்னால் போய் நில் என்றால் ஏதாவது சாக்குச் சொல்லி நழுவிவிடுவான். சீரோஸ் தீவின் ஃபீனிகாஸ் பள்ளிக்கூடத்தில் நாங்கள் ஒரே வகுப்பு. அப்போதிருந்தே அப்படித்தான்.

எங்கள் ஊர்த் துறையில் பாய்மரப் படகுகளை வாரக்கணக்கில் வாடகைக்கு விடும் கம்பெனி ஒன்று இருந்தது. பன்னிரண்டு படகுகள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லாம் திரும்பி வந்துவிடும். சனிக்கிழமை ஐந்து மணிக்குள் கழுவித் துடைத்து, விரிப்பு மாற்றி, அடுத்த கூட்டத்தை ஏற்றி அனுப்ப வேண்டும். கழுவுவது நான், ஸாம்பெத்தா. வருகிறவர்களுக்கு ஏழு நாள் பயணத் திட்டம் போட்டுக் கொடுப்பது சிதெரிஸ்.

அதில் அவனை அடிக்க ஆள் கிடையாது. எந்தத் தீவு பிடிக்கும் என்று கேட்கவே மாட்டான். "உங்கள்ல யாருக்கு வாந்தி வரும்? யாருக்கும் யாருக்கும் பேச்சு வார்த்தை இல்ல? குழந்தை காலையில எத்தனை மணிக்கு எழும்?" என்று கேட்பான். காதில் செருகிய பென்சிலை எடுத்து வரைபடத்தில் கோடு போடுவான். சண்டைக்காரப் புருஷன் பெண்டாட்டிக்கு முதல் நாளே நீளமான ஓட்டம் வைப்பான். கயிற்றை இழுப்பதிலேயே கை ஓய்ந்து, ராத்திரி சண்டை போட வாய் எழாது என்பான். திரும்பி வரும்போது அந்த இரண்டும் கையைக் கோத்துக்கொண்டு வரும். எனக்கு எரிச்சலாக இருக்கும். ஊரான் குடும்பத்துக்கெல்லாம் வழி கண்டுபிடிக்கிறானே, தன் குடும்பத்துக்கு என்ன செய்தான்?

கடைசியில் எல்லோரிடமும் ஒரே பாட்டுப் பாடுவான். "ஊர்ப் பேரை மட்டும் எழுதாதீங்க. தீவுப் பேரையும் சேர்த்து எழுதுங்க. ஹோராங்கற பெரிய ஊர் தீவுக்கு ஒண்ணு இருக்கு. பனோர்மோஸ் மூணு இருக்கு. எந்தப் பனோர்மோஸ்னு கேட்டுக்கிட்டுக் கிளம்புங்க." ஒரு டச்சுக்காரன் தன் மனைவியை மீக்கோனோஸ் பனோர்மோஸில் காக்க வைத்துவிட்டு, நாக்ஸோஸ் பனோர்மோஸில் போய் அவளைத் தேடிய கதையையும் சொல்வான். சனிக்கிழமை தவறாமல் அதைச் சொல்லிவிட்டுத் தானே சிரிப்பான்.

அவன் மனைவி மரூஸோ தீனோஸ்காரி. அந்தத் தீவின் வடக்கே இருக்கிற பனோர்மோஸ்தான் அவள் ஊர். அவர்கள் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள், நாங்கள் கத்தோலிக்கர்; எங்களைப் பிராங்கன் என்பார்கள். "பிராங்கனைக் கட்டிக்கிட்டவ இந்த வாசலை மிதிக்கக் கூடாது" என்று அவள் அப்பா சொல்லிவிட்டார். அவளும் வைராக்கியக்காரி. கடைசி வரை மிதிக்கவில்லை. ஃப்லோரா என்று ஒரு பெண் பிறந்தது. சிதெரிஸ் கோடை முழுக்கக் கடலில் கிடந்தான், குளிர்காலம் முழுக்க வரைபடத்தின் மேல் கவிழ்ந்து கிடந்தான். வீட்டில் வாயே திறக்க மாட்டான். பார்த்துப் பார்த்து அலுத்துப்போய், ஏழு வயதுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு மரூஸோ மெல்போர்னில் இருந்த தன் அண்ணனிடம் போய்ச் சேர்ந்தாள். வழியனுப்பக்கூட இவன் போகவில்லை. படகுக்கு வண்ணம் பூசிக்கொண்டிருந்தான். நான் போய் வாயில் வந்தபடி திட்டினேன். தூரிகையைக் கீழே வைக்காமல் கேட்டுக்கொண்டான்.

அதற்கு முந்தின கோடையில்தான் அவன் வாழ்க்கையிலேயே ஒரு நல்ல வாரம் அமைந்தது. ஆறு வயது ஃப்லோராவை மட்டும் படகில் ஏற்றிக்கொண்டு தீவு தீவாகச் சுற்றினான். கடைசியாக நாக்ஸோஸின் தென்கிழக்கு மூலையில், ஆள் அரவமே இல்லாத ஒரு சின்ன வளைகுடாவில் நங்கூரம் போட்டான். அதற்கும் பனோர்மோஸ் என்றுதான் பெயர். அங்கேதான் பிள்ளை அவன் கையை விட்டு முதன்முதலாக நீந்தியது. "பதினோரு கை வீச்சு, ஸாம்பெத்தா. நான் எண்ணினேன்" என்பான். அந்தப் பதினோரு வீச்சை எனக்கு நூறு தடவையாவது சொல்லியிருப்பான். ஆனால் அது எந்த ஊரில் என்று சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. கேட்டிருக்கலாம், பாவி.

பத்தொன்பது வயதில் ஏதோ மாணவர் கூட்டத்தோடு வந்த ஃப்லோரா, தலைநகரத்துத் துறைமுகமான பிரேயஸில் ஒரு நாள் தங்குவேன், வந்து பார் என்று எழுதியிருந்தாள். இவன் வெள்ளைச் சட்டை போட்டு, தலையை வாரி, எங்கள் தீவின் பெரிய துறைமுகத்துக்குப் போனான். கப்பல் பலகை வரை போய்விட்டுத் திரும்பினான். அவள் தங்கியிருந்த இடத்துக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு, "காத்து பலமா இருக்கும்மா. தடை போட்டுட்டாங்க. கப்பல் நகராது" என்றான். எங்கள் பக்கம் அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். துறைமுகக் காவலர் தடை போட்டால் ஆண்டவனே வந்தாலும் கப்பல் கிளம்பாது. ஆனால் அன்றைக்குக் காற்று வெறும் நாலு. என் நாத்தனார் அதே கப்பலில்தான் போனாள். அந்தப் பெண் மனசு கேட்காமல் துறைக்கு வந்து நின்றிருக்கிறாள். சீரோஸ் கப்பல் நேரம் தவறாமல் வந்து, ஆட்கள் இறங்கி, கடைசி ஆளும் இறங்கி, கதவை மூடுகிற வரை நின்று பார்த்திருக்கிறாள்.

அதற்கப்புறம் ஆறு வருஷம் இவன் எழுதினான், அவள் பதில் போடவில்லை. நியாயம்தானே?

தொண்ணூற்று மூன்றில் மரூஸோ மெல்போர்னில் இறந்துபோனாள். அந்தக் குளிர்காலத்தில் சிதெரிஸ் மகளுக்காக ஒரு திட்டம் போட உட்கார்ந்தான். ஏழு நாள், இரண்டு பேர். மூன்று மாதம் ஆயிற்று. வாடகைக்கு வருகிறவனுக்குக் கால் மணியில் போட்டுக் கொடுக்கிறவன்! ஒரு நாள் பென்சிலை எறிந்துவிட்டுச் சொன்னான்.

"அவளுக்கு வாந்தி வருமா வராதான்னுகூட எனக்குத் தெரியல, ஸாம்பெத்தா. காலையில எப்ப எழுவா, மீன் திம்பாளா, ஒண்ணும் தெரியல. எவளுக்குன்னு நான் கோடு போடறது?"

"யோவ், தெரியலைன்னு அப்படியே எழுதேன். அதுல என்ன குறைஞ்சு போச்சு?"

எழுதினான் போலிருக்கிறது. கடிதத்தின் முடிவில், 'நீ எங்கே சொல்கிறாயோ அங்கே படகைக் கொண்டு வருகிறேன்' என்றும் எழுதி அனுப்பினான்.

ஜூலை நடுவில், ஒரு சனிக்கிழமை மத்தியானம். துறை அல்லோலகல்லோலப்படுகிற நேரம். அலுவலகத்தில் தொலைபேசி அடித்தது. ஈரக் கையோடு நான்தான் எடுத்தேன்.

"சிதெரிஸ் இருக்காரா? நான் ஃப்லோரா."

எங்கள் மொழியைச் சின்னப் பிள்ளை பேசுகிற மாதிரியே பேசினாள். ஏழு வயதில் எடுத்துக்கொண்டு போன மொழி, அதற்கு மேல் வளரவில்லை.

"இதோ, படகுலதான் இருக்கான். கூப்பிடறேன் இரும்மா."

"வேணாம், கூப்பிடாதீங்க. சேதி மட்டும் சொல்லுங்க. ஆகஸ்ட் ஆறு, சனிக்கிழமை, பனோர்மோஸ்ல இருப்பேன். அம்மா ஊருல. திங்கக்கிழமை சாயங்காலம் வரைக்கும் காத்திருப்பேன். ஏழு நாளெல்லாம் முடியாது, புதன்கிழமை எனக்கு விமானம். அவர் வந்தா ரெண்டு நாள் படகுல சுத்தலாம். வரலைன்னா இதோட விட்டுடலாம்னு சொல்லிடுங்க."

துண்டுக் காகிதத்தில் எழுதினேன். 'பனோர்மோஸ். ஆகஸ்ட் 6 சனி. திங்கள் சாயங்காலம் வரை. ஃப்லோரா.' அம்மா ஊர் என்று அவள் சொன்னதை எழுதவில்லை. எதற்கு எழுத வேண்டும்? சீரோஸ்காரிக்குப் பனோர்மோஸ் என்றால் பக்கத்தில் இருக்கிற தீனோஸின் பனோர்மோஸ்தான். பக்கத்து வீட்டுக்குப் போகிறவளுக்கு முகவரி எழுதிக் கொடுப்பார்களா? வெளியே ஒரு பெல்ஜியக்காரி தலையணை உறை கேட்டுக் கத்திக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான் நடந்தது.

சிதெரிஸ் சீட்டைப் படித்தான். அழுக்கு விரிப்பு மூட்டை மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"நினைவு வச்சிருக்கா! ஸாம்பெத்தா, நினைவு வச்சிருக்கா பாரேன்!"

"பின்னே? அது மறக்குமா?" என்றேன். நான் அவள் அம்மா ஊரை நினைத்துச் சொன்னேன். அவன் அந்தப் பதினோரு வீச்சை நினைத்துக் கேட்டுக்கொண்டான். தாயே மிதிக்காத ஊருக்கு மகள் போவாள் என்று அவன் கனவிலும் நினைக்கவில்லை.

"வரலைன்னா இதோட விட்டுடலாம்னு சொல்லச் சொன்னா. காதுல விழுந்துதா?"

"விழுந்துது, விழுந்துது. போவேன்."

மூன்று வாரம் அவன் படுத்திய பாடு இருக்கிறதே! ஏழு நாள் திட்டத்தை இரண்டு நாளாக வெட்டினான். முதல் நாள் கூஃபோநீசியா, இரண்டாம் நாள் ஸ்கினூசா, நாக்ஸோஸ் பக்கத்துக் குட்டித் தீவுகள் என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது. காற்று அடித்தால் ஒரு வழி, அடிக்காவிட்டால் ஒரு வழி என்று மாற்றி மாற்றிக் கோடு போட்டான். என்னிடம் மட்டும் காட்ட மாட்டான், கண் பட்டுவிடுமாம். ஆஸ்திரேலியாக்காரர்கள் என்ன சாப்பிடுவார்கள் என்று துறையில் ஒருவர் விடாமல் கேட்டான். அலமாரிக்குள்ளிருந்து சின்னப் பிள்ளைகள் போடுகிற ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை ஒன்றைத் தேடி எடுத்துச் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"யோவ், அவளுக்கு இருபத்தஞ்சு வயசு. அறிவு இருக்கா உனக்கு?"

"தெரியும் போடி. சும்மா காட்டத்தான்."

வியாழக்கிழமை கிளம்பினான். அரிசி அடைத்த தக்காளி ஒரு தட்டு நிறைய வைத்துக் கொடுத்தேன். "பயந்துக்கிட்டுப் பாதியில திரும்பி வந்தே, காலை ஒடிச்சிடுவேன்" என்றேன். "இந்த வாட்டி இல்ல" என்றான். படகு தெற்கே திரும்பியது. ஃபீனிகாஸிலிருந்து தீனோஸுக்கும் தெற்கு முனையைச் சுற்றித்தான் போக வேண்டும். அதனால் எனக்கு எதுவும் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மெல்தேமி வந்தது. ஆகஸ்டில் வடக்கிலிருந்து வரும் காற்று அது. அந்த வருஷம் பேய் மாதிரி வந்தது. ராத்திரிக்குள் எல்லாத் தீவிலும் தடை போட்டுவிட்டார்கள். நல்ல காலம், இவன் முன்கூட்டியே போய்ச் சேர்ந்திருப்பான் என்று நான் நிம்மதியாகத் தூங்கினேன். இப்போது நினைத்தால் உடம்பெல்லாம் கூசுகிறது.

இனி நான் சொல்வது அவன் சொன்னது.

சனிக்கிழமை விடிந்ததிலிருந்து நாக்ஸோஸ் பனோர்மோஸில் காத்திருந்தான். படகின் மேல் துணிப்பந்தல் கட்டி, இரண்டு காப்பிக் கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தான். மண் ரோட்டில் புழுதி எழும்பும்போதெல்லாம் எழுந்து நிற்பான். காற்றுதான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆடு மேய்க்கிற கிழவர் ஒருவர் தன் பழைய பிக்கப் வண்டியில் வந்தார்.

"என்ன கேப்டன், காத்துக்குப் பயந்து ஒதுங்கிட்டீங்களா?"

"இல்லைங்க. மகளுக்காகக் காத்திருக்கேன். ஆஸ்திரேலியாவுலேர்ந்து வரா. பனோர்மோஸுக்கு வரேன்னு சேதி சொல்லியிருக்கா."

"எந்தப் பனோர்மோஸுக்கு?"

ஒவ்வொரு சனிக்கிழமையும் சிதெரிஸ் மற்றவர்களைக் கேட்கச் சொன்ன கேள்வி அது. கரைக்கு வந்து கிழவரின் வண்டியில் ஏறி, "ஊருக்குள்ள கொண்டுபோய் விடுங்க" என்று மட்டும் சொன்னானாம்.

நாக்ஸோஸ் துறையிலிருந்து எனக்குத்தான் முதலில் கூப்பிட்டான். "ஸாம்பெத்தா, நான் நாக்ஸோஸ்ல இருக்கேன். இங்க இருக்கற பனோர்மோஸ்ல."

"அங்க எதுக்குய்யா போனே?" என்று கத்தினேன். கத்தி முடிப்பதற்குள் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அந்தச் சீட்டு. என் கையெழுத்து. அம்மா ஊர் என்று அவள் சொன்னதை அப்போதே சொல்லியிருக்க வேண்டும். தீனோஸ் பனோர்மோஸ் காப்பிக்கடையின் எண்ணைத் தேடிக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

காப்பிக்கடைக்காரர், "ஆஸ்திரேலியாப் பொண்ணா? நேத்துலேர்ந்து வாசல்லயேதான் உட்கார்ந்திருக்கு. இருங்க" என்று போய் அழைத்து வந்தார்.

"எங்க இருக்கீங்க?" என்றாள் ஃப்லோரா.

"நாக்ஸோஸ்லம்மா."

"நாக்ஸோஸ்லயா? நான் பனோர்மோஸ்ல இருக்கேன்."

"நானும் பனோர்மோஸ்லதாம்மா இருந்தேன். இங்கயும் ஒண்ணு இருக்கு. நீ ஆறு வயசுல முதமுதலா நீந்தின இடம். என் கையை விட்டுட்டு பதினோரு வீச்சு..."

"எனக்கு அப்படி எதுவும் நினைவில்லையே," என்றாள். "நான் மெல்போர்ன்லதான் நீச்சல் கத்துக்கிட்டேன். பள்ளிக்கூடக் குளத்துல. எட்டு வயசுல."

அவளே கேட்டாள்: "சரி. இப்ப கிளம்பி வரலாமில்ல?"

"தடை போட்டிருக்காங்கம்மா."

சொன்ன பிறகுதான் தன் காதிலேயே அது விழுந்ததாம். பிரேயஸுக்குச் சொன்ன அதே சொல். "இது நெஜம்மா. சத்தியமா நெஜம். காத்து ஒன்பது" என்று குழறினான்.

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை என்பான் சிதெரிஸ்.

"நம்பறேன். இங்கயும் நாற்காலியெல்லாம் பறக்குது. நம்பினா மட்டும் என்ன ஆகப்போகுது, சொல்லுங்க? நான் இங்கதான் உட்கார்ந்திருக்கேன், நீங்க அங்கதான் நிக்கறீங்க. திங்கக்கிழமை சாயங்காலம் வரைக்கும் இருப்பேன்னு சொன்னேன். இருப்பேன்."

பயந்தாங்கொள்ளி என்றேனே, திங்கட்கிழமை அவன் பயப்படவில்லை. வளைகுடாவுக்குத் திரும்பிப் போய், தடையை மீறி, காற்றுக்கு எதிரே படகை எடுத்தான். ஐந்து மணி நேரம் முட்டி மோதினான். நாலு மைல்தான் நகர்ந்தான். இயந்திரத்துக்குள் தண்ணீர் போய் அது நின்றது. பிறகு பெரிய பாய் நடுவில் கிழிந்தது. காற்று அவனைத் தள்ளிக்கொண்டு வந்து, கிளம்பிய இடத்திலேயே போட்டது. அப்போது சாயங்காலம் ஆகிவிட்டது. கவிழ்த்து வைத்த கோப்பைகளில் ஒன்று உடைந்து கிடந்ததாம்.

செவ்வாய்க்கிழமை விடிகாலை காற்று நின்றே போனது. தடை எடுத்தார்கள். தீனோஸிலிருந்து முதல் கப்பல் ஏழு மணிக்குக் கிளம்பியது. அதில் அவள் போனாள்.

அதற்கப்புறம் இவன் எழுதிய கடிதங்களில் இரண்டுக்குப் பதில் இல்லை. மூன்றாவது, 'இந்த முகவரியில் இல்லை' என்று முத்திரை குத்தி அப்படியே திரும்பி வந்தது. சனிக்கிழமைகளில் அவன் இன்னும் திட்டம் போட்டுக் கொடுத்தான். டச்சுக்காரன் கதையை மட்டும் விட்டுவிட்டான். அவன் போட்ட எந்தத் திட்டத்திலும் அந்த மூன்று பனோர்மோஸில் ஒன்றுகூட வராது. வழியில் இருந்தாலும் சுற்றிப் போகச் சொல்வான்.

அந்த நவம்பரில், படகுகளைக் கரையேற்றி முடித்த ஒரு காலை, பாய்களை மடித்துக்கொண்டிருந்தோம். அவன் சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்தான். என் சீட்டு. மடித்து மடித்து நாலு துண்டாகப் போகிற நிலையில் இருந்தது.

"ஸாம்பெத்தா, ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"போன்ல அவ, அம்மா ஊர்னு எதாவது சொன்னாளா? இல்ல, வெறும் பனோர்மோஸ்னுதான் சொன்னாளா?"

நான் பாயை மடித்துக்கொண்டே இருந்தேன்.

"ஏன்னா, நான் யோசிச்சுப் பார்த்தேன். வெறுமனே பனோர்மோஸ்னு சொன்னான்னா, அந்த நேரத்துல அவ மனசுல எங்க ரெண்டு பேரோட பனோர்மோஸும் இருந்திருக்கலாம் இல்லையா? எங்கயோ அடியில. அப்புறம் மறந்திருக்கலாம். ஆறு வயசுப் பிள்ளைதானே. ஆனா எங்கயோ இருந்திருக்கு. இல்லைன்னா அம்மா ஊர்னு சேர்த்துச் சொல்லியிருப்பால்ல?"

நிமிர்ந்து பார்த்தேன். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. சீட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். உண்மையைச் சொன்னால் என் மேல் கோபப்படுவான், அடிக்கக்கூட வருவான், அதையெல்லாம் நான் தாங்கிக்கொள்வேன். ஆனால் அதற்கப்புறம் அவனிடம் என்ன மிச்சம் இருக்கும்?

"வெறும் பனோர்மோஸ்னுதான் சொன்னா," என்றேன்.

"அதானே," என்றான். சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பாயின் மறு முனையைப் பிடித்தான்.